14 மாதக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 8.2: இரும்புச் சொட்டு மருந்து எவ்வளவு, எப்படி, எத்தனை நாள்?

மழைத்தூறல்:

வணக்கம். பெண் குழந்தை, 14 மாதம், எடை 9.5 கிலோ. நிறைமாதத்தில் பிறந்தவள். ரத்தப் பரிசோதனை முடிவு இது: ஹீமோகுளோபின் 8.2, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு 41 லட்சம், ஆர்.டி.டபிள்யூ. (அணுக்களின் அளவு வித்தியாசம்) 19, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு) 6, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) இயல்பு. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாத நேரத்தில் எடுத்தது. பசும்பால் ஒரு நாளைக்கு 900 மி.லி. வரை போகிறது, எல்லாம் பாட்டிலில்தான். மற்ற சாப்பாடு நாலைந்து வாய், அவ்வளவே.

டாக்டர் எழுதியது ஃபெரஸ் சல்ஃபேட் சொட்டு மருந்து. "எலிமென்டல் அயர்ன் (அதாவது இரும்பு மட்டும்) 28 மி.கி., தினம் ஒரு வேளை, 4 வாரத்தில் மறுபரிசோதனை" என்று சீட்டில் இருக்கிறது. வாங்கிய பாட்டிலில் "ஒரு மி.லி.யில் ஃபெரஸ் சல்ஃபேட் 75 மி.கி." என்று பெரிதாகவும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் "எலிமென்டல் அயர்ன் 15 மி.கி." என்றும் போட்டிருக்கிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது? கூடவே வந்த சொட்டுக் குழாயில் 1 மி.லி. வரைதான் கோடு இருக்கிறது.

இன்னும் சில சந்தேகங்கள். பாலில் கலந்து கொடுக்கலாமா? ஒரு வேளை அளவை இரண்டாகப் பிரித்தால் வயிற்றுக்கு நல்லதா? மூத்த குழந்தைக்கு வாங்கிய பாலிமால்டோஸ் (இரும்பின் இன்னொரு வடிவம்) சிரப் பிரிக்காமல் இருக்கிறது, சுவை நன்றாக இருக்கும் என்கிறார்கள், அதையே கொடுத்துவிடலாமா? எப்போது நிறுத்துவது?

சொட்டுக்கணக்கு:

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எப்போதும் பொடி எழுத்தில் இருப்பதுதான் உங்கள் எண்.

ஃபெரஸ் சல்ஃபேட் என்பது ஓர் உப்பு. அந்த உப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு. 75 மி.கி. உப்பில் இரும்பு 15 மி.கி. டாக்டர் போட்ட கணக்கு கிலோவுக்கு 3 மி.கி. எலிமென்டல் இரும்பு, 9.5 கிலோவுக்கு 28.5. அதை 15-ஆல் வகுத்தால் 1.9 மி.லி. இதுதான் தினசரி அளவு. யாராவது 75-ஐ வைத்து வகுத்தால் 0.4 மி.லி. கூட வராது. குழந்தைக்குப் போய்ச் சேருவது 6 மி.கி.க்கும் கீழே. ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது "பாட்டிலையும் குழாயையும் காட்டுங்கள்" என்பதைத்தான்.

உப்புக்கு உப்பு இந்தப் பங்கு மாறும். ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 12 சதவீதம். உலர்த்திய ஃபெரஸ் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் 30 சதவீதத்துக்கும் சற்று மேல். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எலிமென்டல் அயர்ன் எவ்வளவு என்று லேபிளில் எழுதாத பாட்டிலை வாங்காமல் இருந்தால் போதும்.

இதைவிட ஆபத்தான குழப்பம் சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் இடையில். சொட்டு மருந்து செறிவானது. ஒரு மி.லி.யில் 15 மி.கி., சிலவற்றில் 25 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 44 மி.கி. இருந்தால் ஒரு மி.லி.க்கு 9 கூட இல்லை. சிரப்பில் 3.2 மி.லி. கொடுத்துப் பழகிய வீட்டில் அடுத்த முறை 25 மி.கி. சொட்டு மருந்து வந்து, அதே 3.2 மி.லி. கொடுத்தால் 80 மி.கி. உங்கள் குழந்தையின் எடைக்கு அது கிலோவுக்கு 8.4. உடனே விஷமாகிற அளவில்லை, ஆனால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும், வீட்டார் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள். பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் மி.லி. கணக்கைப் புதிதாகப் போடுங்கள். சீட்டில் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சொட்டுக் குழாயைத் தூர வையுங்கள். 0.1 மி.லி. கோடு உள்ள, ஊசியில்லாத 2.5 அல்லது 3 மி.லி. சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். 1.9 என்பதை அதில் ஒரே இழுப்பில் எடுக்கலாம். தேக்கரண்டி எந்த அளவுக்கும் நம்பகமில்லை.

பாலிமால்டோஸ்: இப்போதைக்கு வேண்டாம். சுவை நல்லது, பல்லில் கறை குறைவு, சாப்பாட்டோடு கொடுக்கலாம், எல்லாம் உண்மை. உறிஞ்சப்படும் அளவு என்று வந்தால் ஃபெரஸ் சல்ஃபேட்தான் முன்னால் நிற்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பாலிசாக்கரைடு கூட்டுப்பொருளையும் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான 80 குழந்தைகள், இரு தரப்புக்கும் கிலோவுக்கு 3 மி.கி., படுக்கும் முன் ஒரே வேளை, 12 வாரம். ஃபெரஸ் சல்ஃபேட் பக்கம் சராசரி ஹீமோகுளோபின் 7.9-இலிருந்து 11.9-க்கு ஏறியது; மற்றது 7.7-இலிருந்து 11.1 வரை வந்தது. வயிற்றுக்கு மென்மையானது என்று சொல்லி விற்கப்படும் அந்தக் கூட்டுப்பொருளில்தான் வயிற்றுப்போக்கு அதிகமாகப் பதிவானது என்பது கூடுதல் செய்தி. ஃபெரஸ் சல்ஃபேட்டைக் குழந்தை எந்த வழியிலும் விழுங்கவில்லை என்றால் அப்போது டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். உள்ளே போகாத நல்ல மருந்தைவிட உள்ளே போகிற சுமாரான மருந்து மேல். ஆனால் அளவைப் பாருங்கள்: பாலிமால்டோஸில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 50 மி.கி. உள்ள சொட்டும் உண்டு. ஐந்து மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இரும்பு கலந்த மல்டிவைட்டமின் சொட்டை வைத்து சிகிச்சை அளவை எட்ட முயலாதீர்கள். மி.லி.க்கு 10 மி.கி. இரும்பும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் உள்ள சொட்டில் 28 மி.கி. வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3 மி.லி. தர வேண்டும். டி-யும் ஏ-யும் மூன்று மடங்காகக் கூடவே போகும். அவை வளர்ச்சிக்கால பராமரிப்புக்கான மருந்து. குறையை நிரப்ப ஆனவை அல்ல.

வார்டு_இரவுப்பணி:

கணக்கை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் பாலைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் நோய்க்காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

900 மி.லி. பசும்பாலில் இரும்பு அரை மில்லிகிராம் கூடத் தேறாது. 1 முதல் 3 வயது வரை தினசரித் தேவை 7 மி.கி. அதே பால் ஏறக்குறைய 550 முதல் 600 கிலோ கலோரி தருகிறது. 9.5 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 750-800 போதும். வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சாப்பாடு எப்படி இறங்கும்? "சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதனால் பால் கொடுக்கிறோம்" என்று சொல்வார்கள். நடப்பது தலைகீழ்.

பாலின் கால்சியமும் கேசீன் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் தடுக்கின்றன. சில குழந்தைகளுக்குப் பசும்பால் அதிகமானால் குடல் சுவரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் இருக்கும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைப் பிரதான பானமாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கசிவு கூடுதலாக இருந்தால் புரதமும் சேர்ந்து வெளியேறும். குழந்தையின் கண்ணிமை, பாதம் வீங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவைப் பார்க்கச் சொல்வார்.

ஆகவே சொட்டு மருந்தை ஆரம்பிக்கும் அதே வாரத்தில் பாலை 500 மி.லி.க்குக் கீழே கொண்டு வாருங்கள். ஒரே நாளில் வெட்டினால் வீடே அமளியாகும். இரண்டு நாளுக்கு ஒரு பாட்டில் என்று குறைக்கலாம். முதலில் ராத்திரிப் பாட்டில், பிறகு சாப்பாட்டுக்கு முந்தைய பாட்டில். பாட்டிலை எடுத்துவிட்டுக் கோப்பையில் கொடுத்தால் அளவு தானாகவே குறையும். நான்காம் ஐந்தாம் நாளில் பசி எடுக்கத் தொடங்கும். இறைச்சி, ஈரல், முட்டை, பருப்பு, இரும்பு சேர்த்த தானியக்கூழ், எது வீட்டில் உண்டோ அது. சைவமானால் கூடவே ஏதாவது புளிப்புப் பழம். தேநீர் ஒரு வாய்கூட வேண்டாம்.

பாலில் கலக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது, இரண்டு காரணங்கள். உறிஞ்சல் குறையும் என்பது ஒன்று. குழந்தை பாதிப் பாட்டிலை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது என்பது மற்றொன்று. பாலுக்கு முன் ஒரு மணி நேரம் அல்லது பாலுக்குப் பின் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டுத் தனியாகக் கொடுங்கள். இரண்டு ஸ்பூன் ஆரஞ்சுச் சாறு கூடக் கொடுத்தால் சுவையும் மறையும், வைட்டமின் சி-யும் கொஞ்சம் உதவும். சாறு இல்லையா, தண்ணீர் போதும், அதற்காக வேளையைத் தவறவிட வேண்டாம்.

கொடுக்கும் முறை: குழந்தையைச் சாய்வாக உட்கார வையுங்கள், படுக்க வைக்கக் கூடாது. சிரிஞ்சின் நுனி கன்னத்துக்கும் கடைவாய் ஈறுக்கும் நடுவில் போகட்டும். அரை மி.லி. அழுத்தி, விழுங்கவிட்டு, மறுபடி அரை. ஒரேயடியாகத் தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும். முன்பற்களில் படாமல் கொடுத்துவிட்டு உடனே தண்ணீர், பிறகு பல் துலக்கல். அப்படியும் சாம்பல் நிறக் கறை வரலாம். அது மேல்பூச்சு மட்டும், பல் கெடவில்லை. மருந்து முடிந்ததும் போய்விடும், இல்லையென்றால் பல் மருத்துவர் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போகும். போக வேண்டும். மருந்து கொடுத்தும் ஒரு வாரம் நிறமே மாறவில்லை என்றால்தான் அளவின் மேல் எனக்குச் சந்தேகம் வரும். தார் போல ஒட்டி, பளபளப்பாக, கெட்ட வாடையோடு வந்தால் அது வேறு. அது ரத்தமாக இருக்கலாம், காட்டுங்கள்.

துப்பினாலோ வாந்தி எடுத்தாலோ அதே நாளில் மறுபடி முழு அளவு கொடுக்காதீர்கள். மறுநாள் வழக்கம்போல. விட்டுப்போன வேளைக்கு மறுநாள் இரட்டிப்பும் இல்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி சிரப். இரும்பை நிறுத்த அது காரணமல்ல.

மழைத்தூறல்:

நன்றி. ராத்திரிப் பாட்டிலைக் குறைக்க ஆரம்பிக்கிறோம். இரண்டாகப் பிரிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? வீட்டில் ஒருவர் "ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தால்தான் நன்றாக ஏறும்" என்று எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார்.

சொட்டுக்கணக்கு:

பிரிக்கத் தேவையில்லை. 6 முதல் 24 மாதக் குழந்தைகளுக்கு ஒரே மொத்த அளவை ஒரு வேளையாகவும் மூன்று வேளையாகவும் கொடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள், பலன் சமம். வேளை கூடக் கூட மறதிதான் கூடும்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பதன் பின்னணி இதுதான். இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலில் இரும்பு நுழையும் கதவை ஏறக்குறைய ஒரு நாளைக்குச் சாத்தி வைக்கும். மறுநாள் வேளை அந்தச் சாத்திய கதவில் மோதுகிறது. 2017-இல் இளம்பெண்களிடம் செய்த ஆய்வில், ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு வேளையிலும் உறிஞ்சப்படும் பங்கு அதிகமாக இருந்தது. அது 60 மி.கி. மாத்திரை, வளர்ந்த உடல், ரத்தசோகை இல்லாமல் இரும்பு இருப்பு மட்டும் குறைந்தவர்கள். உங்கள் குழந்தையின் நிலை வேறு. ரத்தசோகை இந்த அளவுக்கு இருக்கும்போது உடலே ஹெப்சிடினை அடக்கி வைத்திருக்கும், கதவு திறந்தே கிடக்கும். தினம் ஒரு வேளை என்று டாக்டர் எழுதியதை மாற்றாதீர்கள். பின்னால், இருப்பை நிரப்பும் கட்டத்தில் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வழியை அவரிடமே கேட்கலாம்.

நுண்ணோக்கி:

ஆய்வகத்தில் இருப்பவன். எண்களைப் பற்றிக் கொஞ்சம்.

எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 41 லட்சம் என்பது 4.1 மில்லியன்; 64-ஐ 4.1-ஆல் வகுத்தால் 15.6. இதை மென்ட்சர் குறியீடு என்பார்கள், 1973-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறை பக்கம், கீழே என்றால் தலசீமியா டிரெய்ட் (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாட்டின் லேசான வடிவம்) பக்கம். டிரெய்ட் உள்ள குழந்தையிடம் அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கை தாராளம், எம்.சி.வி. 62, சிவப்பணு 56 லட்சம் என்று வரும், வகுத்தால் 11. உங்கள் தாளில் ஆர்.டி.டபிள்யூ. 19 என்பதும் இரும்பைத்தான் காட்டுகிறது. இந்தக் குறியீடு சல்லடை மட்டுமே, தீர்ப்பு அல்ல. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். குடும்பத்தில் தலசீமியா இருந்தால் ஹெச்.பி. ஏ2 பரிசோதனையை (டிரெய்ட்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ஒரு வகை ஹீமோகுளோபின் அளவு) இப்போது எடுக்காதீர்கள். இரும்பு குறைந்த நிலையில் ஏ2 அளவு கீழே இறங்கி, டிரெய்ட் இருப்பதையே மறைத்துவிடக்கூடும். இரும்பு நிரம்பிய பிறகு எடுங்கள்.

ஃபெரிட்டின் 6 என்பதில் விவாதமே இல்லை. 5 வயதுக்குள் 12-க்குக் கீழே என்றால் இருப்பு காலி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்தக் கோடு 30. ஃபெரிட்டின் காய்ச்சலிலும் ஏறும் பொருள், அதனால் சளியோடு எடுத்த 25 "இயல்பு" என்று அச்சிட்டு வந்தாலும் இருப்பு காலியாக இருக்கலாம். நீங்கள் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்த்தது சரி.

ஹீமோகுளோபின் கோடு 2024-இல் மாறியிருக்கிறது. முன்பு 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லோருக்கும் 11. இப்போது 6 முதல் 23 மாதம் வரை 10.5, இரண்டு வயது முதல் 11. சில ஆய்வகத் தாள்களில் பெரியவர்களுக்கான 12-13 அப்படியே அச்சாகி வருவதும் உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 8.2 எந்தக் கோட்டின்படியும் குறைவுதான்.

மறுபரிசோதனைக்கு விரல் நுனி ரத்தம் வேண்டாம், நரம்பில் எடுக்கச் சொல்லுங்கள். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முதல் தடவை நரம்பு, இரண்டாம் தடவை விரல் என்று மாற்றி எடுத்துவிட்டு "ஏறவே இல்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

வார்டு_இரவுப்பணி:

எப்போது நிறுத்துவது என்ற கேள்வி பாக்கி. நிறைய வீடுகளில் சிகிச்சை தோற்பது இங்கேதான், அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

9.5 கிலோ குழந்தையிடம் ரத்தம் சுமார் 740 மி.லி. ஹீமோகுளோபின் 8.2-இலிருந்து 12-க்குப் போக, 100 மி.லி. ரத்தத்துக்கு 3.8 கிராம் வீதம் மொத்தம் 28 கிராம் ஹீமோகுளோபின் புதிதாக வேண்டும். ஒரு கிராமுக்கு 3.4 மி.கி. இரும்பு, ஆக 95 மி.கி. இது ரத்தத்துக்கு மட்டும். காலியாகக் கிடக்கும் இருப்பை நிரப்பக் கிலோவுக்கு 15 மி.கி. என்று நரம்பு வழி இரும்புக் கணக்கில் வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் இன்னொரு 140 மி.கி. கொடுக்கும் 28-இல் உடலில் சேருவது தோராயமாக 3 முதல் 4 மி.கி. என்று வைத்துக்கொண்டால், ஹீமோகுளோபின் நேராக நாலைந்து வாரமாகும், இருப்பு நிரம்ப அதைவிட நீண்ட காலமாகும். குழந்தை வளர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கும் ஒரு பங்கு போகும். ஹீமோகுளோபின் 11.5 வந்ததும் நிறுத்தினால் வேலையில் பாதிகூட முடியவில்லை என்று பொருள். ஆறு மாதத்தில் அதே தாளோடு திரும்ப வருவீர்கள்.

நடைமுறையில்: ஹீமோகுளோபின் இயல்பான பின் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். கடைசியில் ஃபெரிட்டின் பார்த்து நிறுத்துவது உத்தமம்.

பலன் தெரியும் வரிசை: முதல் இரண்டு மூன்று நாளில் எரிச்சல் குறைந்து பசி தட்டும். ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணு மூன்றாம் நாளிலிருந்து ஏறி, 7 முதல் 10 நாளில் உச்சத்துக்குப் போகும். நான்கு வாரத்தில் தாளில் உள்ள ஹீமோகுளோபின் எண் குறைந்தது 1 ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் டாக்டர் தேடும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்: அளவு தப்பா, மருந்து உண்மையில் உள்ளே போகிறதா, பால் குறைந்ததா, இடையில் காய்ச்சல் வந்ததா. இவை சரியென்றால் ரத்தக்கசிவு, சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது), வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி, தலசீமியா. மிக அரிதாக, பிறவியிலேயே ஹெப்சிடின் அதிகமாக இருந்து வாய்வழி இரும்பை ஏற்காத வகையும் உண்டு. அவர்களுக்கு நரம்பு வழிதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: வேகமான மூச்சு, பால் குடிக்கும்போதே களைத்து வியர்ப்பது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது. ஹீமோகுளோபின் 5-க்குக் கீழே போனவர்களிடம் இதயம் திணறத் தொடங்கும். அங்கே ரத்தம் ஏற்றுவதையே சிறுகச் சிறுக, மணிக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். மண், சுவர்க்காரை, காகிதம் தின்னும் பழக்கம் இருந்தால் ஈய அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும்.

இளந்தளிர்:

இடையில் ஒரு கேள்வி. 32 வாரத்தில் பிறந்த குழந்தை, இப்போது ஒன்றரை மாதம், 2.6 கிலோ, தாய்ப்பால் மட்டும். ஹீமோகுளோபின் பிரச்சினை எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரும்புச் சொட்டு எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தேவையா?

சொட்டுக்கணக்கு:

தேவை. தாயிடமிருந்து குழந்தைக்கு இரும்பு பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் போகிறது. 32 வாரத்தில் பிறந்ததால் அந்தச் சேமிப்பு முழுதாகக் கிடைக்கவில்லை, வளர்ச்சியோ நிறைமாதக் குழந்தையைவிட வேகம். தாய்ப்பாலில் லிட்டருக்கு 0.35 மி.கி. அளவுதான் இரும்பு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை, குறைமாதக் குழந்தைக்கு ஒரு மாதத்திலிருந்து 12 மாதம் வரை கிலோவுக்கு 2 மி.கி. உங்கள் குழந்தைக்கு 5.2 மி.கி., அதாவது 15 மி.கி. சொட்டில் 0.35 மி.லி. இங்கே 1 மி.லி. சிரிஞ்சுதான் சரி, பெரியதில் இந்த அளவைச் சரியாக எடுக்க முடியாது. எடை வேகமாக ஏறும் வயது, ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அளவைத் திருத்தச் சொல்லுங்கள். இரும்பு சேர்த்த பால்பவுடர் முழுமையாகக் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே கிட்டத்தட்ட இந்த அளவு கிடைத்துவிடும், அவர்களுக்குக் கணக்கு வேறு. மருத்துவமனையில் பலமுறை ரத்தம் ஏற்றிய குழந்தைக்கும் வேறு. ஏற்றிய ரத்தத்தோடு இரும்பும் வந்திருக்கும், தொடங்கும் முன் கேளுங்கள்.

நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்களுக்கு அதே சங்கம் 4 மாதத்திலிருந்து கிலோவுக்கு 1 மி.கி. என்கிறது, இரும்பு உள்ள இணை உணவு தொடங்கும் வரை. உலக சுகாதார நிறுவனம் வேறு கோணத்தில் போகிறது: ரத்தசோகை 40 சதவீதத்துக்கு மேல் பரவியுள்ள இடங்களில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு தினம் 10 முதல் 12.5 மி.கி., ஆண்டில் தொடர்ந்து மூன்று மாதம். மலேரியா உள்ள பகுதியானால் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் கைவசம் இருந்தால்தான். தேவையில்லாத குழந்தைக்கு "தெம்புக்கு" என்று இரும்பு கொடுப்பதை நான் எதிர்ப்பேன். இரும்பை வெளியேற்றத் தனி வழி உடலில் கிடையாது.

நுண்ணோக்கி:

பாட்டிலை எங்கே வைப்பது என்று இன்னும் யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன்.

எலிமென்டல் இரும்பு ஒரே நேரத்தில் கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் போனால் நஞ்சின் அறிகுறி தொடங்கும், 60-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. மழைத்தூறல், உங்கள் பாட்டில் 30 மி.லி. என்றால் அதில் 450 மி.கி. இருக்கிறது, 9.5 கிலோவுக்கு 47. இதைவிடப் பெரிய அபாயம் வீட்டில் கர்ப்பிணிக்கு வாங்கி வைத்த மாத்திரை. 60 மி.கி. மாத்திரை பத்து என்றால் கிலோவுக்கு 63. மிட்டாய் போலப் பளபளவென்று இருக்கும், ஒரு அட்டையில் பத்து.

விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றிச் சமாளிக்காதீர்கள், அட்டையோடு உடனே மருத்துவமனை. முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தத்தோடு. அதன்பின் குழந்தை தெளிந்ததுபோலத் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த கட்டம் அதிர்ச்சியும் ஈரல் சேதமும். பல விஷங்களுக்குக் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடிக்காது. டெஃபெராக்ஸமின் என்ற முறிமருந்து நரம்பு வழியாக மருத்துவமனையில்தான் தர முடியும்.

பூட்டுள்ள அலமாரி, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரம். குழந்தை திறக்க முடியாத மூடி என்று போட்டிருப்பதை முழுதாக நம்ப வேண்டாம்.

மழைத்தூறல்:

நான்கு வார முடிவு, நரம்பில் எடுத்தது: ஹீமோகுளோபின் 9.9, எம்.சி.வி. 70, ஆர்.டி.டபிள்யூ. 24. எடை 9.9 கிலோ. பால் 400-450 மி.லி. ஆர்.டி.டபிள்யூ. கூடியிருப்பதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த மருத்துவச் சந்திப்பு மூன்று நாள் கழித்துத்தான்.

நுண்ணோக்கி:

1.7 ஏறியிருக்கிறது, நல்ல பதில். ஆர்.டி.டபிள்யூ. கூடியது பயப்பட அல்ல. பழைய சின்ன அணுக்களும் புதிதாக உருவான சரியான அளவு அணுக்களும் ஒரே குழாயில் கலந்திருக்கின்றன, அளவு வித்தியாசம் கூடித்தான் தெரியும். பழையவை மூன்று நான்கு மாதத்தில் கழிந்ததும் தானே இறங்கும்.

சொட்டுக்கணக்கு:

9.9 கிலோவுக்கு 29.7 மி.கி., உங்கள் பாட்டிலில் 2 மி.லி. 1.9-க்கும் 2-க்கும் நடுவில் பெரிய வித்தியாசமில்லை. மூன்று நாளும் பழைய அளவிலேயே கொடுத்து, சந்திப்பில் எடையைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து தீரும் நாளையும் பார்த்து வையுங்கள்: 30 மி.லி. பாட்டில் 2 மி.லி. வீதம் 15 நாள்தான் வரும். அடுத்த பாட்டில் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் பொடி எழுத்தை மறுபடி படியுங்கள்.